தங்கச்சியின் நிக்காஹ்வும் எனது மலிவான பிரிண்டரும்

கணக்கியல் ஆசிரியர்களிடம் சாமான் வாங்க யோசனை கேட்கக் கூடாது. நானும் ஒரு கணக்கியல் ஆசிரியன், அதனால்தான் சொல்கிறேன். ஒரு பொருளை வாங்குகிற விலை வேறு, அதை வைத்து ஓட்டுகிற செலவு வேறு என்று கரும்பலகையில் இரண்டு பெட்டி கீறி, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியப் படிப்பிப்பேன். படிப்பித்துவிட்டு வெளியே வந்து, அதற்கு நேர்மாறாக நடப்பேன். (என்னிடம் படித்தவர்கள் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறார்கள். நான் சொன்னதைக் கேட்டார்கள், செய்ததைப் பார்க்கவில்லை.)

எங்கள் வீடு சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம். உம்மா, நான், தங்கச்சி றிஸ்னா. றிஸ்னா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். அவளுக்கு யானை, பூனை, மாம்பழம் என்று தினமும் படம் வேண்டும். எனக்கு டியூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள் வேண்டும். இரண்டுக்கும் சந்தியில் அச்சடித்துத் தருகிற கொமியூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று அலுத்துப் போய், வீட்டுக்கே ஒரு பிரிண்டர் வாங்குவோம் என்று இருவரும் கல்முனை பஸாருக்குப் போனோம்.

கொம்பியூட்டர் கடையில் இரண்டு பிரிண்டர்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று சின்னது, மலிவு. மை அதற்குள் குட்டிக் காட்ரிஜ்ஜில் இருக்கும், முடிந்தால் புதுக் காட்ரிஜ் வாங்கிப் போட வேண்டும். மற்றது பெரியது, விலை மூன்று மடங்கு. அதற்குப் பக்கத்தில் தொட்டி வைத்திருந்தார்கள், போத்தலில் மை வாங்கி ஊற்றினால் மாதக்கணக்கில் ஓடும் என்றார்கள். கடைக்காரர் எதை எடுத்தாலும் சந்தோஷம் என்ற முகத்தோடு நின்றார். நான் சின்னதைத் தடவிக்கொண்டு நின்றேன்.

றிஸ்னாவுக்கு நான் அண்ணன், அவள் வாயில் காக்கா. என் காதுக்குள் சொன்னாள்: “காக்கா, நாம பிரிண்டர் வாங்க வரல்ல. மை வாங்கத்தான் வந்திரிக்கம். பிரிண்டர் ஒருக்கா வாங்குற, மை காலம் பூரா வாங்குற.”

பூனைப் படம் காட்டிப் படிப்பிக்கிற பிள்ளை எனக்குச் செலவுக் கணக்குச் சொல்லித் தருவதா என்று எனக்கு வந்தது ரோஷம். அந்த ரோஷத்தோடேயே சின்னப் பிரிண்டரைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் கட்டினேன். மிச்சக் காசில் அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைச் சாப்பிட்டுக்கொண்டே, இந்த ஐஸ்கிறீம்தான் இந்த வியாபாரத்தில் கிடைக்கிற ஒரே லாபம் என்றாள்.

அவள் சொன்னது போலவே ஆனது. பெட்டியோடு வந்த காட்ரிஜ்ஜில் மை வாசத்துக்குத்தான் இருந்தது. இரண்டு வினாத்தாளும் ஒரு யானையும் அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. புதுக் காட்ரிஜ் விலை கேட்டேன். கேட்டுவிட்டு, கடைக்காரர் பிரிண்டரின் விலையைச் சொல்லுகிறார் என்று நினைத்து மறுபடியும் கேட்டேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் மைச் சட்டங்கள் அமுலுக்கு வந்தன. தடித்த எழுத்து தடை. கலர் தடை. றிஸ்னாவின் யானைகள் கோடு மட்டும் உள்ள யானைகளாக மெலிந்தன. பிரிண்டரைப் போட்டு அணைக்கும் ஒவ்வொரு தடவையும் அது தன் வாயைத் தானே மையால் கழுவிக்கொள்கிறது என்று அறிந்ததும், அதை அணைக்கக் கூடாது என்றேன். உம்மா கரண்ட் பில்லை நினைத்து அணைத்தார். நான் போட்டேன். உம்மா அணைத்தார். மிச்சப்படுத்தலாம் என்று சும்மா வைத்தால் மை காய்ந்து அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்க இன்னும் மை போனது. சம்பளத்தில் பாதியைக் குடிக்கிற குடும்ப அங்கத்தவர் ஒருவர் புதிதாக வந்தது போல இருந்தது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலியான காட்ரிஜ்ஜில் ஊசியால் மை ஏற்றுவது. பெயரில்லாத பெரிய போத்தல்களில் மலிவு மை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொழும்பு போன ஒருவர் மூலம் எடுப்பித்தேன். சிரிஞ்ச் வாங்க பாமசிக்குப் போனபோது, கவுண்டரில் நின்றவர் ஆசிரியரான என்னை ஏற இறங்கப் பார்த்து, என்னத்துக்கு சேர் என்று கேட்டார். பிரிண்டருக்கு என்றேன். அந்தப் பதிலை அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஆனால் மை ஏறியது. அதுவும் நீல மை, கொள்ளை மலிவு. வினாத்தாள்களை நீலத்திலேயே அடித்துத் தள்ளினேன். டியூஷன் பிள்ளைகளின் விரலெல்லாம் நீலமாக இருந்ததைப் பார்த்து, எழுதி எழுதிப் படிக்கிறார்கள் என்று பூரித்துப் போனேன். அந்த நேரத்தில் யோசித்திருக்க வேண்டும். பூரிப்பு யோசிக்க விடவில்லை.

இதற்கிடையில்தான் றிஸ்னாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை அக்கரைப்பற்று, பெயர் அஸ்ஹர், வங்கியில் வேலை. சேட்டில் ஒரு சுருக்கம் விழுந்து நான் கண்டதில்லை. அவருடைய வாப்பா நெல் ஆலை வைத்திருந்த ஹாஜியார். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட், வெள்ளைத் தொப்பி, நெஞ்சு வரைக்கும் பஞ்சு போல வெள்ளைத் தாடி. வீடு பார்க்க வந்த அன்று பேச்சுக்கிடையில் ஜன்னல் கட்டையில் விரலால் ஒரு இழுப்பு இழுத்து, விரலைப் பார்த்தார். தூசி இல்லை. (உம்மா அதற்கு முதல் நாளெல்லாம் துடைத்திருந்தார்.) தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் கலியாணம் உறுதியானது என்று உம்மா இன்றைக்கும் சொல்லுவார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழ வருகிறவர். நிக்காஹ்வும் பெண் வீட்டில்தான் வைத்திருந்தோம். அதனால் பந்தல் முதல் பிரியாணி வரைக்கும் பெயரும் எங்களுக்கு, பழியும் எங்களுக்கு. வாப்பா மௌத்தாகி அப்போது அதிக காலம் ஆகவில்லை. வாப்பா இல்லாத வீட்டில் மூத்த ஆண்பிள்ளைதான் வலீ, அதாவது மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் சகோதரியை உமக்கு மணமுடித்துத் தருகிறேன் என்று சபையில் சொல்ல வேண்டியவன். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு இருந்தது ஒரே பயம். சோறு குறைந்தாலோ, கதிரை குறைந்தாலோ, பந்தல் சரிந்தாலோ, யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டு, “வாப்பா இருந்திருந்தா இப்பிடி நடந்திரிக்குமா?” என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வசனம் றிஸ்னாவின் காதில் விழக் கூடாது. அவள் வாப்பாவின் செல்லம். கலியாணம் நெருங்க நெருங்க வாப்பாவின் பெயர் வந்தாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதனால் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வேன் என்று எனக்குள்ளே சத்தியம் செய்தேன். குறை வராமல் பார்த்திருந்தால் போதும். நான் அதற்கு மேலே ஒன்றைச் சேர்க்கப் போனேன்.

அது கச்சான் காற்று வீசுகிற காலம். உடம்பெல்லாம் பொரிக்கிற வெக்கை. பந்தலுக்குக் கீழே இருக்கிற சபைக்கு ஆளுக்கொரு அட்டை விசிறி கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு, அழகாக, எங்கள் வீட்டுப் பிரிண்டரிலேயே. அச்சகத்துக்கு ஒரு சதமும் இல்லை. மலிவுப் பிரிண்டரை வாங்கியதற்கு றிஸ்னாவிடம் வாங்கிக் கட்டிய பேச்சுக்கெல்லாம் அவள் கலியாணத்திலேயே பதில் சொல்லிவிடலாம்.

மை மலிவு என்றதும் கை தாராளமாகிவிட்டது. அட்டை முழுவதும் கடல் நீலம், நடுவில் வெள்ளையில் பெயர்கள். இரண்டு பக்கமும். புத்தகக் கடையில் பளபளக்கும் தடித்த அட்டை வாங்கினேன். அது பிரிண்டருக்கான அட்டை இல்லை, பார்க்க வடிவாக இருந்தது, அவ்வளவுதான். பிடிக்கக் குச்சி வைத்தால் அதற்கு வேறு செலவு என்று, அட்டையின் அடியை அப்படியே கையால் பிடிக்கட்டும் என்று விட்டேன். அடித்து, வெயிலில் பரப்பி, காய்ந்த பிறகு அடுக்கினேன். றிஸ்னா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“வடிவுதான் காக்கா,” என்றாள். “ஆனா எண்ட பெயர் இவ்வளவு சின்னதாவும் மை இவ்வளவு கூடவும் என்னத்துக்கு?”

கலியாண நாள் வந்தது. நிக்காஹ் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. சாமானெல்லாம் சரியாக வந்திறங்கியது. கதிரைகளில் எல்லாம் நீல விசிறிகள். எங்கள் பக்கத்து ஆட்கள் வந்து அமர்ந்து விசிறத் தொடங்கினார்கள். பந்தலுக்குக் கீழே நீலம் ஆடுவதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. வாப்பா பார்த்திருந்தால் என்று நானே ஒரு தடவை நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சின்ன மாமா பன்னீர்ச் செம்போடு வந்தார்.

சின்ன மாமா உம்மாவின் தம்பி. குடும்பத்தில் எந்தக் கலியாணமென்றாலும் வாசலில் நின்று பன்னீர் தெளிப்பது அவருடைய உரிமை. வேறு யாரும் அந்தச் செம்பைத் தொட முடியாது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் செம்பு அடைத்திருக்கிறதா என்று பார்க்க, முன் வரிசையில் இருந்தவர்கள் மேல் ஒரு வீச்சு வீசினார். ஒரு துளி என் பக்கத்தில் இருந்தவரின் விசிறியில் விழுந்தது. அது நீலமாகி, மெதுவாகக் கீழே ஓடி, அவருடைய வெள்ளைச் சாரனில் சொட்டியது.

நான் அந்த விசிறியை வாங்கி விரலால் தடவினேன். விரல் நீலம். தண்ணீர் படாத இடத்தில் தடவினேன். என் விரலில் இருந்த வியர்வைக்கே அதுவும் நீலம். அந்தப் பளபள அட்டை மையைக் குடிக்கவே இல்லை. மை மேலே சும்மா படுத்திருந்தது, யாராவது ஈரக் கையோடு வரட்டும் என்று.

மாப்பிள்ளை வீட்டாரின் வேன்கள் சந்திக்கு வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்த ஹாஜியார் வருகிறார். வெள்ளை ஜுப்பாவோடு மாப்பிள்ளை வருகிறார். வாசலில் பன்னீர் காத்திருக்கிறது. பன்னீர் தெளிக்காமல் மாப்பிள்ளை வீட்டாரை உள்ளே எடுத்தால் அது அவமரியாதை. தெளித்தால் நீலம்.

விசிறிகளை எடுத்துவிடுவதுதான் ஒரே வழி. வரிசை வரிசையாகப் போய்ச் சிரித்த முகத்தோடு கேட்டேன். காரணம் சொல்ல வெட்கம். மாப்பிள்ளை வீட்டாருக்கு விசிறி காணாது போல, பாவம் என்று நினைத்துச் சிலர் தந்தார்கள். சிலர் இந்த வெக்கையில் உயிரைக் கேட்டாலும் தருவோம், விசிறி தர மாட்டோம் என்றார்கள். ஒருவர் அதை மடித்துக் கழுத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், எடுத்தபோது கழுத்தும் நீலமாகக் கிடந்தது. நான் பார்க்காதது போல நகர்ந்தேன். கிடைத்ததையெல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிச் சாமான் அறைக்குள் போட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் வாசலில் மாப்பிள்ளை வீட்டார். ஒரு பக்கம் சின்ன மாமா பன்னீர் தெளிக்கிறார். மற்றப் பக்கம், கதிரைகளில் விசிறியைக் காணவில்லை, நான் வைக்க மறந்துவிட்டேன் என்று நினைத்து, உள்ளே இருந்த மிச்ச விசிறிக் கட்டை அவரே எடுத்து வந்து, பன்னீர் பட்ட ஈரக் கைகளில் ஒவ்வொன்றாக வைக்கிறார். ஹாஜியாருக்கு இரண்டு கொடுத்தார்.

நான் பின்பக்கம் குழாயடிக்கு ஓடிச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். மேலே இருந்தது போனது. உள்ளங்கை ரேகைகளுக்குள்ளும் நகக்கண்ணிலும் இருந்தது போகவில்லை. கைலேஞ்சியால் துடைத்தேன், கைலேஞ்சி நீலம். அதற்குள் மௌலவி என்னைக் கேட்கிறார் என்று ஆள் வந்துவிட்டது.

சபையின் நடுவில் மெத்தை விரித்து, ஒரு பக்கம் அஸ்ஹர், எதிரில் நான், நடுவில் மௌலவி. அஸ்ஹரின் தோளுக்குப் பின்னால் ஹாஜியார். ஹாஜியாரின் வலது கையில் விசிறி. இடது கை மடியில். இனி அவர் தாடியைத் தடவாமல் இருக்க வேண்டும் என்று நான் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நிக்காஹ் குத்பா உரையில் ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. ஹாஜியாரின் கை எழும்பும், என் மூச்சு நிற்கும். விசிறியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு இறங்கும், எனக்கு மூச்சு வரும்.

சபையிலும் சிலர் தங்கள் உள்ளங்கையைக் கள்ளமாகப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வதைக் கண்டேன். பைக்குள் இருந்த பேனை கசிந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். கலியாண வீட்டில் தன் கை மட்டும்தான் அசிங்கம் என்று ஒவ்வொருவரும் வெட்கப்பட்டு, கையை மடிக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார்கள்.

“கையைக் குடுங்க,” என்றார் மௌலவி.

அஸ்ஹரின் கை நீண்டது. கழுவித் துடைத்த, வங்கிக் காசு எண்ணுகிற சுத்தமான கை. நான் என் கையைக் கொடுத்தேன். வியர்த்துக் கொட்டியது. மௌலவி சொல்லித் தந்ததைத் திருப்பிச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. சபையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள், வாப்பாவை நினைத்து மகன் கலங்குகிறான் என்று. பாதி அதுதான். வாப்பா இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன், என் கையில் நீலம் இருந்தது, இரண்டும் சேர்ந்து எனக்கு அழுகை வந்தது.

அஸ்ஹர் கபூல், ஏற்றுக்கொண்டேன், என்றார். கைகள் பிரிந்தன. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். என் ரேகையெல்லாம் அதில் பதிந்திருந்தன. (யாராவது கைநாட்டு வைக்க வேண்டியிருந்தால் அன்று மைப்பெட்டி தேவைப்பட்டிருக்காது.) பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாகக் கையைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை மடியில் வைத்து, மற்றக் கையால் மூடியும் கொண்டார்.

அந்தப் பிள்ளையின் நல்ல குணத்தை நினைத்து எனக்கு நெஞ்சு இளகியது. தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். இனி விருந்து, கை கழுவுதல், எல்லாம் போய்விடும்.

“துஆக் கேட்போம், கையேந்துங்க,” என்றார் மௌலவி.

பந்தலில் இருந்த அத்தனை பேரும் கையேந்தினார்கள். இரண்டு உள்ளங்கையும் விரித்து, நெஞ்சுக்கு நேராக. முதல் வரிசை நீலம். இரண்டாவது வரிசை நீலம். வாசல் வரைக்கும் நீலம். ஒளித்து வைத்திருந்த கையை எடுத்தவர்கள் பக்கத்தில் பார்த்தார்கள், பக்கத்துக் கையும் அதே நிறம். அவர்கள் ஆமீன் சொல்லுகிற சுருதியே மாறிப் போனது. மௌலவி கண்ணை மூடியிருந்தார். ஹாஜியாரும் கண்ணை மூடி, முகத்தைச் சற்று உயர்த்தி, உருகி ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கையும் தோய்த்தெடுத்தது போல இருந்தன.

துஆ முடிந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஏந்திய கைகளால் முகத்தைத் தடவுவார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். துஆவுக்குப் பிறகு முகத்தைத் தடவலாமா கூடாதா என்பது எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய வாதம். தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், தடவக் கூடாது என்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வாதத்தில் அண்ணன் தம்பி கதைக்காமல் இருந்த குடும்பங்கள் உண்டு. கலியாண வீடுகளில் இந்தக் கதையை யாரும் எடுக்க மாட்டார்கள். அது தெரிந்தும் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. துஆ முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. சும்மா இருந்தால் சபை முழுவதும் நீல முகம். வாய் திறந்தால் என் மானம் போகும், உம்மாவின் மானம் போகும். உள்ளே றிஸ்னா கேட்டுக்கொண்டிருப்பாள்.

கடைசி ஆமீனோடு நான் எழும்பி நின்றேன். “ஒருத்தரும் முகத்தில தடவாதீங்க,” என்றேன். குரல் நான் நினைத்ததை விடப் பெரிதாக வந்துவிட்டது.

ஏந்திய கைகள் ஏந்தியபடி. பிறகு பின் வரிசையில் யாரோ ஒருவர், கலியாண வீட்டுலயா இந்தக் கதை, பொண்ணட காக்கா அந்தப் பக்கத்து ஆளா என்று கேட்டது தெளிவாகக் கேட்டது. ஹாஜியார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவர் தடவுகிற பக்கத்து ஆள். சம்பந்தி வீட்டில், தன் மகனின் நிக்காஹ்வில், ஒரு பொடியன் எழும்பித் தனக்கு மார்க்கம் படிப்பிக்கிறான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். என் கண்ணைப் பார்த்தபடியே, அவசரமில்லாமல், இரண்டு கையையும் நெற்றியில் வைத்து, கன்னம் வழியாக இறக்கி, தாடி நுனி வரைக்கும் தடவினார். போதாதென்று இன்னொரு தடவையும் தடவினார்.

நெற்றி நீலம். கன்னம் நீலம். பஞ்சுத் தாடியில் நான்கு நான்கு விரல்களின் தடம், மேலிருந்து கீழே.

கடலின் இரைச்சல் அன்றைக்குப் பந்தலுக்குள் கேட்டது. ஹாஜியார் எல்லோரும் தன் முகத்தையே பார்ப்பதைக் கண்டு, குனிந்து தன் கையைப் பார்த்தார். பிறகு தாடியை இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் ஏறுவதை நான் நின்று பார்த்தேன். இனி யாரோ ஒருவர் அந்த வசனத்தைச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அஸ்ஹர் பொத்தியிருந்த கையை விரித்தார். வாப்பாவைப் பார்த்தார். பிறகு அந்த நீலக் கையால் தன் முகத்தை, நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் நன்றாகத் தடவினார்.

“துஆக் கேட்டுட்டு எப்பிடித் தடவாம விடுற, மச்சான்?” என்றார்.

அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஹாஜியார் மகனின் முகத்தைப் பார்த்தார். முதலில் அவருடைய வயிறு குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் துணிவு வந்தது. வந்ததும் பந்தல் கழன்று விழுகிற மாதிரி வந்தது. சின்ன மாமா மட்டும் இன்னும் விஷயம் விளங்காமல், என்ன எல்லாரும் சிரிக்கிறீங்க என்று கேட்டுக்கொண்டு, வந்து சேர்ந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

நான் ஹாஜியாருக்கு முன்னால் போய் நின்று முழுக் கதையையும் சொன்னேன். காட்ரிஜ், ஊசி, பெயரில்லாத போத்தல், எல்லாம். நெல் ஆலை முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

“கழுவினாப் போகுமா மகன்?” என்றார்.

“போகும் ஹாஜியார். ஒருக்காவில போகாது.”

“அப்ப வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இந்தத் தாடியோடதான் போகணும்,” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, பிரிண்டர் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். தன் தாடியின் விலையையும் அதோடு கூட்டிப் பாருங்கள், நீங்கள் கணக்கு வாத்தியார்தானே என்றார்.

பிறகு அஸ்ஹரைப் பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே பெண்களுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டதே தவிர, காரணம் தெரியாது. தலை குனிந்திருந்த றிஸ்னா நிமிர்ந்து, நீல முகத்தோடு நின்ற புது மாப்பிள்ளையைக் கண்டாள். பின்னால் நின்ற என் கையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அத்தனை பெண்களுக்கு நடுவில், மணப்பெண் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண் மை கரைந்து கன்னத்தில் ஓடியது.

“நான் சொன்னன் காக்கா, தொட்டி வச்சத வாங்குங்க எண்டு,” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாப்பா இருந்திருந்தா...” என்று தொடங்கினாள்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“...வாப்பா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிரிப்பாரு,” என்று முடித்தாள்.

அது உண்மை. வாப்பா அப்படித்தான் சிரிப்பார். வாப்பா மௌத்தான பிறகு அவள் அழாமல் அவருடைய பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான்.

இதெல்லாம் நடந்து, றிஸ்னாவின் பிள்ளைகள் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறார்கள். நான் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பிரிண்டர் மட்டும் உம்மா வீட்டில் வேலை செய்யாமல் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, எறிய அஸ்ஹர் விடவில்லை. அவர் தொட்டி வைத்த பிரிண்டர் வாங்கிவிட்டார். அதில் பிள்ளைகளுக்குக் கலர் கலராக யானை வருகிறது. எனக்கு அதைத் தொட அனுமதியில்லை. என் வினாத்தாள்களுக்கு நான் இன்னும் கொமியூனிகேஷன் கடை வரிசையில்தான் நிற்கிறேன்.

பெருநாளைக்குப் போனால் அஸ்ஹர் சலாம் சொல்லிவிட்டு, கை கொடுக்க முன் என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால்தான் கை கொடுப்பார். அவருடைய சின்ன மகளும் அப்படியே செய்யப் பழகியிருக்கிறாள், மாமாமார் என்றால் கையைப் பார்த்துத்தான் சலாம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். ஹாஜியார் என்னைக் கண்டால் தாடியைத் தடவுவார், தடவிவிட்டுக் கையைப் பார்ப்பார்.

அன்றைக்கு நான் பயந்த வசனத்தை ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவு நாளும் ஊரில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், வாப்பா மௌத்தான அந்த வீடு என்றுதான் காட்டுவார்கள். இப்போது சந்தியில் எந்த ஓட்டோவில் ஏறி, நீலக்கைக் கலியாணம் நடந்த வீடு என்று சொன்னாலும் போதும். சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார்கள்.